வால் துண்டு

மேரி பிஸ்கட்டை மிக்ஸியில் போடக் கூடாது என்பது ஒன்றுதான் ஆர்தர் தங்கையாவுக்கு உறுதியாக ஞாபகம் இருந்தது. "மிக்ஸில போட்டா மாவாயிரும், பல்லுக்கு ஒண்ணும் அகப்படாது, கையால நொறுக்குங்க" என்று மனைவி டார்கஸ் சொன்னது போன வருஷம் இதே டிசம்பரில், இதே அடுப்படியில், அந்த நீல முக்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. முக்காலி இருக்கிறது. டார்கஸ் மார்ச்சில் போய்விட்டாள். மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு விமானம் தூத்துக்குடியில் இறங்கும், அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு டாக்ஸியில் முக்கால் மணி நேரம், ஆக நாலு மணிக்குள் மகள் கெசியா வாசலில் நிற்பாள், உருட்டி வைத்தது ஃப்ரிட்ஜில் இறுக இரண்டு மணி நேரமாவது வேண்டும், அப்படியென்றால் ஒன்றரைக்குள் உள்ளே போயாக வேண்டும். பிஸ்கட்டுகளை பிளாஸ்டிக் பையில் கொட்டி வாயை முடிந்து பூரிக்கட்டையால் உருட்டினார். மிக்ஸி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் தனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மிக்ஸி ஓடினால் பின்வீட்டு மேபல் மைனிக்குக் கேட்கும். டார்கஸின் அக்காள். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பண்டிகைப் பலகாரம் சொந்தக்காரர்தான் கொண்டுவந்து தர வேண்டும், வாசலில் ஸ்டார் கட்டக் கூடாது என்று டிசம்பர் முதல் தேதியே வந்து வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனவள். ஸ்டார் கட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியும் வைக்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லையே, இது என்ன பலகாரமா, பிஸ்கட்டும் வெண்ணெயும் டின் பாலும் சேர்த்துப் பிசைந்தால் பலகாரமாகிவிடுமா, பிசைந்து உருட்டி ஆற வைப்பதற்கு எந்தச் சபையில் தடை இருக்கிறது. ஆனால் இப்படி நியாயம் பேசிக்கொண்டே ஏன் அடுப்படி ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம் என்று அவருக்கே சிரிப்பாக வந்தது. முறுக்கென்றால் தெரு முனைவரை மணக்கும், மாட்டிக்கொண்டிருப்பார். இதில் வாசனையே கிடையாது. டார்கஸ் இந்தப் பண்டத்தைப் பிடித்துக்கொண்டதே எந்தத் தடையிலும் மாட்டாமல் செய்யலாம் என்பதற்காகத்தான், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால்.

அப்போது முருகன்குறிச்சியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணமாகி ஆறே மாதம். மாடியில் வீட்டுக்கார அம்மாள், சுத்த சைவம், வீடு தரும்போதே மீன் கூடாது, முட்டை கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் எப்படியோ மாமியார் வீட்டுக்குப் போய் ஒப்பேற்றினார்கள், கிறிஸ்துமஸ் வந்ததும் டார்கஸ் முகம் சுண்டிவிட்டது. முட்டையில்லாமல் கேக் ஏது. அழுவாள் என்று ஆர்தர் பயந்து பேக்கரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லப்போக, "வாங்கின கேக்க வச்சா அது நம்ம வீட்டுக் கிறிஸ்மஸாங்க" என்று ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாள் ஹாஸ்டலில் கூடப் படித்தவள் ஒருத்திக்கு போஸ்ட் கார்டு போட்டு, அவள் பதிலில் எழுதியனுப்பியதுதான் இந்த பிஸ்கட் ரோல். கறுப்பாக வெளியே கோகோவும் பிஸ்கட்டும், உள்ளே வெள்ளையாகத் தேங்காய்த் துருவலும் வெண்ணெயும் சீனிப்பொடியும், பாயைச் சுருட்டுவது மாதிரி சுருட்டி, குளிர வைத்து, வட்டம் வட்டமாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெள்ளைச் சுழி. எல்லாம் சரி, குளிர வைக்க ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது. வீட்டுக்கார அம்மாள் வீட்டில்தான் இருக்கிறது. டார்கஸ் அந்தச் சுருளைக் காகிதத்தில் சுற்றிப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறினாள், ஆர்தர் கீழே நின்று காதைத் தீட்டினார். "இதுல முட்டை இல்லியே?" "இல்லம்மா." "சத்தியமா இல்லியே?" "நாங்க சத்தியம் பண்ணக் கூடாதும்மா, இல்லைன்னா இல்லதான்." மறுநாள் காலையில் போய் வாங்கி வந்தபோது பாதிச் சுருள்தான் இருந்தது. மாடிப் பிள்ளைகள் வெட்டித் தின்றிருந்தார்கள். டார்கஸுக்குக் கோபமே வரவில்லை, அவளுக்குத் தாங்காத பெருமை. அதற்குப் பிறகு சொந்த வீடு வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, கேக் சுடுகிற ஓவனும் வந்தது, முட்டை தாராளமாக உடைந்தது, ஆனால் கிறிஸ்துமஸ் என்றால் பிஸ்கட் ரோல்தான். ஓவன் மேல் அவள் பழைய துணிகளை மடித்து வைத்தாள். இப்போதும் அந்தத் துணிகள் அப்படியே இருக்கின்றன. அதை எடுக்க வேண்டும். எடுத்து என்ன செய்ய. பிஸ்கட் நொறுங்கியது போதுமா என்று பையைத் தடவிப் பார்த்தார், அங்கங்கே சின்னச் சின்னத் துண்டு அகப்பட்டது, போதும்.

கோகோவை ருசி பார்த்தார். வெண்ணெயை ருசி பார்த்தார், உப்பில்லாத வெண்ணெய்தான் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் நாக்கில் வைத்துப் பார்த்தார். டின் பாலை ருசி பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரன் செய்கிற வேலையா இது. சீனிப்பொடி பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தார். சீனிப்பொடி என்று அவர் கையெழுத்திலேயே, கட்டை எழுத்தில், கறுப்பு மையில். மூடியைத் திறந்து விரல் நுனியில் தொட்டு ருசி பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து மறுபடி பார்த்தார். முப்பத்து மூன்று வருஷம் கல்லூரி வேதியியல் லேப் அட்டெண்டராக இருந்த மனிதர். இந்த உலகத்தில் வெள்ளைப் பொடி எத்தனை உண்டோ அத்தனையும் அவர் கை வழியாகப் போயிருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒவ்வொரு உப்பைப் பொட்டலம் கட்டி எண் போட்டு வைப்பது அவர் வேலை, எந்த எண்ணில் எந்த உப்பு என்பது புரொபசருக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். தேர்வு நாளில் பிள்ளைகள் ஜாடையாகக் கெஞ்சுவார்கள், "ஆர்தரண்ணே, முதலெழுத்து மட்டும் சொல்லுங்கண்ணே." சொன்னதே இல்லை. ஒரு வருஷம் ஒருவன் நிஜமாகவே காலைத் தொட்டான், அப்போதும் சொல்லவில்லை. காட்டிக் கொடுக்காத ஆள் என்று புரொபசர்கள் நடுவில் அவருக்குப் பெயர், அந்தப் பெயரில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. லேபிள் இல்லாத பாட்டிலைக் கண்டால் கத்துவார். டார்கஸ் கேலி செய்வாள், "என் நெத்தியிலயும் ஒரு லேபிள் ஒட்டிருங்க, மறந்து வேற வீட்டுக்குப் போயிராதிய." அப்படிப்பட்ட ஆள் தன் வீட்டு அடுப்படி பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டாமல் விட்டார். போன வருஷம் ஆகஸ்டிலிருந்து அடுப்படி அவர் கைக்கு வந்திருந்தது, எல்லா பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவினார், லேபிளெல்லாம் ஊறி வந்துவிட்டது, நாளைக்கு எழுதி ஒட்டலாம், நாளைக்கு ஒட்டலாம். அந்த நாளைக்கு வரவே இல்லை. அவள் அடக்கத்துக்கு அடுத்த வாரம் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எழுதி ஒட்டினார், கடுகுக்குக்கூட, கடுகை யாரும் வேறு எதுவாகவும் நினைக்கப்போவதில்லை என்று தெரிந்தும்.

பின்கதவு தட்டியது. கை இரண்டும் கோகோவில் பழுப்பாக இருந்தது, கழுவ நேரமில்லை, ஆர்தர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து தலையை நீட்டினார். மேபல் மைனி தூக்குச்சட்டியோடு நின்றாள். "என்ன தம்பி, சன்னல்லாம் சாத்திட்டு உள்ள என்ன செய்யுதிய?" "ஒண்ணுமில்ல மைனி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டுட்டு இருக்கேன்" என்றார், கை விரல்களைக் கதவு இடுக்கில் சாட்சி காட்டுவது போலக் காட்டினார். மைனி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கோயிலுக்குப் போற அன்னைக்குப் போட்டா போதாதா. பிள்ள எத்தன மணிக்கு வாரா?" "நாலு மணிக்குள்ள." "மீன்குழம்பு வச்சிருக்கேன், சோறு மட்டும் வடிச்சிக்கிடுங்க. அவ ஆசப்படுதான்னு எண்ணெய்ச் சட்டி கிட்டி வச்சிராதிய தம்பி. என் தங்கச்சிக்குச் செய்ய வேண்டிய மரியாத அது." "வைக்கல மைனி." தூக்குச்சட்டியை முழங்கையால் வாங்கிக்கொண்டார். பொய்யில்லை, வைக்கவில்லைதான். ஷூ பாலீஷ் பொய். மைனி இரண்டு எட்டு வைத்துத் திரும்பி, "டார்கஸ் இருந்தா இன்னைக்கு இந்நேரம் என் வீட்டு முத்தத்துலதான் தேங்கா துருவிட்டு இருப்பா" என்று சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு ஆர்தர் அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றார். எல்லோரையும் ஏமாற்றுவதே பிழைப்பாகப் போயிற்று. யாருக்காக. கெசியா போனில் சொல்லிவிட்டாள், "இந்த வருஷம் ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா, நான் இருபத்தாறாந்தேதி காலையிலயே கிளம்பிருவேன்." வருகிறவள் திரும்புகிற நாளோடுதான் வருகிறாள். மூன்று நாள். மூன்று நாளும் சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு புனேவுக்குப் போய்விடுவாள், அடுத்த வருஷம் வேலை இருக்கிறது என்பாள், அதற்கடுத்த வருஷம் கேட்கவே வேண்டாம். மகள் என்று ஒருத்தி போன் திரையில் மட்டும் இருப்பாள். அந்தப் பயம்தான் அவரைக் கடைக்கு அனுப்பி பிஸ்கட் வாங்க வைத்தது. பேசத் தெரியாது அவருக்கு. உருட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

கறுப்பு மாவு திரண்டு வந்தது. கையில் ஒட்டாமல் வர வேண்டும் என்பாள், ஒட்டியது, இன்னும் கொஞ்சம் பிஸ்கட் தூள் தூவினார். பட்டர் பேப்பரை விரித்து மாவை அதன்மேல் தட்டித் தட்டிப் பரப்பினார். இனி வெள்ளை. இந்த இடத்தில்தான். போன வருஷம் இருபத்திரண்டாம் தேதி இதே நேரம் அவள் முக்காலியில் இருந்து கை நீட்டி, "அந்த சீனிப்பொடிய எடுங்க, ரெண்டு கரண்டி" என்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள், முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. அவர் சட்டைப் பையில் அன்று காலை வாங்கிவந்த ஸ்கேன் ரிப்போர்ட் நாலாக மடித்து இருந்தது. டாக்டர் வாசித்துச் சொல்லிவிட்டார், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று இவர் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தார். அலமாரியில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார், திறந்தார், இரண்டு கரண்டி போட்டார், அவளே கிளறினாள். உருட்டியதும் அவளே. உட்கார்ந்தபடிதான், ஆனால் அந்த விரல்கள் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டியபோது கொஞ்சங்கூட நடுங்கவில்லை, அதைப் பார்த்து இவர் ரிப்போர்ட் பொய் என்று ஒரு நிமிஷம் நம்பினார். இறுகியதும் வெட்டி, பாதியை டப்பாவில் அடுக்கி, கெசியாவுக்கு என்று கூரியரில் கொடுத்துவிட்டு வந்தார். வாலை அனுப்பவில்லை. சுருளின் இரண்டு முனையும் கோணலாக, வெள்ளை பிதுங்கிக்கொண்டு இருக்கும், தட்டில் வைக்க லாயக்கில்லை, அதற்குப் பெயர் வால். கெசியா நாலு வயதிலிருந்து வால் தனக்குத்தான் என்று அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பாள். அவள் இல்லாததால் வாலை இவர் எடுத்து, டார்கஸ் பார்க்காதபோது, வாயில் போட்டுக்கொண்டார். கடல் தண்ணீர். இனிப்புக்கு நடுவில் அப்படியே கடல் தண்ணீர். செருப்புக்கூட மாட்டாமல் கூரியர் கடைக்கு ஓடினார், வண்டி போய்விட்டது சார் என்றார்கள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், டார்கஸ் ஒரு துண்டைக் கையில் வைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷந்தாங்க சரியா வந்திருக்கு" என்றாள்.

அந்த முகத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பார். வருஷம் பூராவும். ஒரு சுளிப்பு இருந்ததா, தொண்டை இறங்கும்போது ஒரு தயக்கம் இருந்ததா. இல்லை. மருந்து ஏறினால் சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும் என்று நர்ஸ் ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள், அது இதுதான் என்று அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு ருசி போய்விட்டது, அதை அவள் இவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள். சரி, நாமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது, சொல்ல வெட்கம், ஆனால் இருந்தது. அதுவரை அவர் வைத்த ரசம், அவர் வைத்த கூட்டு, உப்புமா என்ற பெயரில் அவர் கிண்டியது, எல்லாவற்றையும் நல்லாருக்கு நல்லாருக்கு என்று அவள் சாப்பிட்டாளே, பாவம், ருசி தெரியாமல்தானே சாப்பிட்டாள், நல்லவேளை. இருபத்தாறாம் தேதி கெசியாவிடமிருந்து செய்தி வந்தது, பெட்டி வந்துட்டு, சூப்பர்ப்பா, ஆபீஸ்ல பத்து நிமிஷத்துல காலி. அவள் வாயில் வைக்காமலே கொடுத்துவிட்டாள் போல என்று பெருமூச்சு விட்டார். புனேக்காரர்கள் திருநெல்வேலியில் கிறிஸ்துமஸுக்கு இப்படித்தான் உப்பு தின்பார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும். மறுநாள் போன். "அப்பா, அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?" "ஒண்ணுமில்லயே. ஏன்?" "வீடியோவுல வரமாட்டேங்காங்க." "தைலம் தேச்சிருக்கா, துணி கட்டியிருக்கா, அவளுக்குக் கூச்சம்." "நிஜமா ஒண்ணுமில்லையாப்பா?" "ஒண்ணுமில்லம்மா." புதுவேலை, முதல் வருஷம், லீவு கிடையாது, அவளிடம் சொல்லக் கூடாது என்று டார்கஸ் கையில் அடித்து வாக்கு வாங்கியிருந்தாள். காட்டிக் கொடுக்காத ஆள். மார்ச்சில் கெசியா ஓடிவந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்று ஒருநாள் ஆகியிருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "நான் கேட்டேன்ல்லாப்பா." அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு ஒன்பது மாதமாகச் சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா.

இருபத்தாறாம் தேதி பெட்டி, இருபத்தேழாம் தேதி போன். கரண்டி கையில் நின்றது. இத்தனை நாளில் இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. வீடியோ ஐந்து மாதமாக இல்லை, அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாள். அப்படியென்றால் சாப்பிட்டிருக்கிறாள். அம்மா கை தப்பாது என்று தெரிந்தவள், தப்பியிருக்கிறது என்றால் அம்மாவுக்கு என்னமோ என்று கண்டுபிடித்துவிட்டு, அதன்பிறகுதான் கேட்டிருக்கிறாள். உப்பு சொல்லிவிட்டது, அவர் ஒண்ணுமில்லை என்று சொன்னார். ஜன்னலைத் திறக்கலாமா என்று தோன்றியது, திறக்கவில்லை. கெசியா பி.எஸ்ஸி. அவர் கல்லூரியில்தான் படித்தாள், அவர் ஆய்வுக்கூடத்தில்தான். மூன்றாம் வருஷத் தேர்வில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். அவர் பியூரெட் குழாயைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராச்சாப்பாட்டில் டார்கஸ், "பெத்த பிள்ளைக்குக்கூட சொல்லமாட்டியளோ" என்று கேட்டாள், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். தேங்காய்த் துருவலில் சீனிப்பொடி இரண்டு கரண்டி. ருசி பார்த்தார், இனிப்பு. இதில் ஒரு சிட்டிகை உப்பும் போட வேண்டும், அது அவருக்குத் தெரியும், இனிப்பைத் தூக்கிக் காட்ட ஒரே ஒரு சிட்டிகை என்பாள். உப்பு பாட்டிலை எடுத்தார், லேபிளைப் படித்தார், மூடிமேல் கை வைத்தார். முடியவில்லை. வைத்துவிட்டார். உப்பே இல்லாமல் வெள்ளையைப் பரப்பி, காகிதத்தைத் தூக்கி மெதுவாகச் சுருட்டினார். முதல் சுற்று உடைந்தது, விரலால் அழுத்தி ஒட்டினார், இரண்டாவது சுற்று வந்தது, மூன்றாவது தானாகவே வந்தது. இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி முறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தபோது மணி ஒன்று ஐம்பது. பாத்திரங்களைக் கழுவினார், சோறு வடித்தார், மேடையைத் துடைத்தார், நீல முக்காலியை நகர்த்தித் துடைத்து அதே இடத்தில் வைத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஃப்ரிட்ஜைத் திறந்து சுருளைத் தொட்டுப் பார்த்தார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்ஸி வந்தது. தோளில் ஒரே ஒரு பை. இளைத்திருந்தாள். "வாம்மா" என்றார். "சாப்ட்டீங்களாப்பா?" "ஆச்சு. பெரியம்மா மீன்குழம்பு தந்திருக்கா." அம்மா போட்டோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்ததை மூடவில்லை. ஆர்தர் வாசல்படியில் நின்றார். கெசியா சுருளை எடுத்து மேடையில் வைத்து, காகிதத்தைப் பிரித்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"எண்ணெய்ச் சட்டி வைக்கல" என்றார்.

சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று அவள் உதட்டோரம் வந்து போனது. கத்தியை எடுத்து இரண்டு முனையையும் வெட்டினாள். ஒரு வாலை வாயில் போட்டு மென்றாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பே போடலையாப்பா?"

"போடல. ஒரு சிட்டிகை போடணும்." உப்பு பாட்டிலைப் பார்த்தார். "பயமா இருந்துச்சு." மகளிடம் இந்த வார்த்தையை அவர் இதுவரை சொன்னதில்லை. சொன்னபிறகு மற்றதும் வந்தது. "போன வருஷம் அது அம்மா போட்டதில்ல கெசி. நாந்தான் சீனின்னு உப்ப எடுத்துத் தந்துட்டேன். அவளுக்கு அப்பவே நாக்குல ருசி போயிட்டு. தெரியாமலே சாப்பிட்டா."

"ருசி போகல" என்றாள் கெசியா.

"என்னது?"

"கிறிஸ்மஸ் அன்னைக்கு அம்மா போன்ல சொன்னாங்க. உங்கப்பா சீனிக்குப் பதிலா உப்ப எடுத்துத் தந்துட்டாவ, வாயில வைக்க முடியல, பெட்டி வந்தா நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிரு பிள்ள, தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சி போயிருவாவன்னு. ஆபீஸ்ல யாருக்கும் குடுக்கலப்பா. நாந்தான் தின்னேன். பதினோரு நாள் ஆச்சு."

அந்த முகம், சுளிப்பில்லாத அந்த முகம், தெரிந்தே. ஆர்தர் கேட்டது அவருக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"அப்ப ரசம்?"

"ரசமுந்தான். அப்பா இப்ப சமையல் பழகுதாவ, ரசம்னு ஒண்ணு வைக்காவ, முதநாளே நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சிட்டேன், இனி மாத்திச் சொல்ல முடியாதுன்னாங்க." சொல்லும்போது கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "வெள்ளைப் பொடிய மாத்தி எடுக்கிற ஆளாப்பா நீங்க? லேபிளே இல்லாம கண்டுபிடிப்பீங்களே. நீங்களே மாத்தி எடுத்திருக்கீங்கன்னா வீட்ல என்னமோ நடக்குதுன்னுதான் பெட்டி வந்த மறுநாள் கேட்டேன். அம்மாட்ட கேட்டா சொல்லமாட்டாங்கன்னு உங்கள்ட்ட கேட்டேன்."

அவள் அலமாரியில் உப்பு என்று எழுதிய பாட்டிலை எடுத்தாள், திறந்தாள், ஒரு சிட்டிகை எடுத்து மற்ற வால் துண்டின்மேல் தூவி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க. மாத்திரை போட்டிருக்கீங்கல்லா."

எடுத்து வாயில் வைத்தார். நீல முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்து, கெசியா உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்கப்பா. முதல்லருந்து."

மென்று விழுங்கினார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, "ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழம" என்று ஆரம்பித்தார். "துணி காயப்போட மாடிக்குப் போனா. பாதிப் படியில உக்காந்துட்டா."